இடது சீட்டில் பிரேக் பெடல் எங்கே இருக்கிறது?

இடதுசீட்டு (மிட்ராண்ட்):
போன ஞாயிறு ஒரு கல்யாண வீட்டில் ஒருவர் பத்துப் பேர் நடுவில் சொன்னார்: "தென்னாப்பிரிக்க லைசென்ஸ் டெஸ்டான கே53 கற்றுக்கொடுக்கிறவன் நினைத்தால் அடுத்த வாரமே ஜோஹன்னஸ்பர்க் பக்கத்து கியாலாமி ரேஸ் ட்ராக்கில் பயிற்சியாளர் ஆகிவிடலாம். இரண்டும் ஒரே வேலை. பையன் தப்புப் பண்ணினால் நம்ம பக்கத்து பிரேக்கை மிதிக்க வேண்டியதுதான்." எனக்குச் சோறு இறங்கவில்லை. 11 வருஷமாக அந்த இடது சீட்டில் உட்கார்ந்துதான் பிழைக்கிறேன். ட்ராக் டே என்றால் ரேஸ் ட்ராக்கில் பொது ஆட்கள் ஓட்டிப்பார்க்கிற நாள். அதற்கு வருகிறவர் சொந்தக் காரில் வருகிறார். அதில் என் பக்கம் பெடலே கிடையாது. காலுக்கடியில் மேட்தான் இருக்கும்.

சாட்ஸ்வொர்த் கே53:
அந்த ஒருவர் நான்தான். பேர் சொல்லாமல் எழுதினால் ஊருக்குத் தெரியாதா? 22 வருஷமாக டர்பனில் லேர்னர் ஓட்டக் கற்றுத்தருகிறேன். பிரேக் இல்லாமல் பக்கத்தில் உட்காருவது பொறுப்பில்லாத வேலை. அப்புறம், ஒரு கார் கம்பெனி நடத்திய பயிற்சி நாளில் இடது பக்கம் பெடல் இருந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

இடதுசீட்டு:
பெடல் இருந்தாலும் எங்கே மிதிப்பீர்கள், அண்ணா? கியாலாமியில் லியூகாப் வளைவு முடிந்து மைன்ஷாஃப்டில் கார் இறங்கும். பேருக்கேற்ற மாதிரி சுரங்கத்துக்குள் விழுகிற சரிவு. போன மாதம் ஒரு டாக்டர் ஓட்டினார். விரல் மூட்டெல்லாம் வெளுத்துப்போகிற அளவுக்கு ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார். பார்வை பானெட்டைத் தாண்டவில்லை. கீழே வளைவின் நடுவில் பயந்துபோய் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுத்தார். எடை முன்னால் சாய்ந்தது, பின் சக்கரங்கள் லேசாகி வழுக்கத் தொடங்கின. அந்த நொடியில் நானும் ஒரு பிரேக்கை மிதித்திருந்தால் கார் அப்படியே சுழன்றிருக்கும். ஹெல்மெட் மைக்கில் "வெளியே போகிற இடத்தைப் பாருங்க, அங்கேயே பாருங்க" என்றேன். வலது கையால் ஸ்டியரிங்கை இரண்டு விரல் அகலம் திருப்பிவிட்டேன். கார் நேரானது. ரோபோட்டில், அதாவது ட்ராஃபிக் சிக்னலில், நிறுத்தக் கற்றுத்தருவதும் இதுவும் ஒன்றா?

லெனேசியா அக்கா:
என் பையனுக்கு 19 வயது. இதையே தொழிலாகச் செய்ய வேண்டும் என்கிறான். எங்கே ஆரம்பிப்பது என்று யாராவது சொல்லுங்களேன்.

சாட்ஸ்வொர்த் கே53:
ரோபோட்டில் நிறுத்தத் தெரியாதவன்தான் ட்ராக்கில் போய்ப் பறக்கிறான். நான் பார்த்த பெடலுக்குப் பதில் வரவில்லை.

இடதுசீட்டு:
அக்கா, கோ-கார்ட்டில் தொடங்கச் சொல்லுங்கள். மோட்டார்ஸ்போர்ட் சவுத் ஆப்பிரிக்காவில் லைசென்ஸ் எடுத்து கிளப் ரேஸ் ஓட்டட்டும். கோப்பை வாங்காவிட்டாலும் பரவாயில்லை, ஒரே மாதிரி பத்து லேப் (ட்ராக்கைச் சுற்றிப் பத்துச் சுற்று) ஓட்டத் தெரிய வேண்டும். பிறகு மூத்த பயிற்சியாளர்களுடன் திரிந்து, அவர்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்று கேட்க வேண்டும். நன்றாக ஓட்டுகிற பலருக்கு வாயால் சொல்ல வராது. பிரிட்டனில் ரேஸ் பள்ளிகளின் சங்கமான ஆர்ட்ஸ், பயிற்சியாளர்களைத் தரம் பிரித்து வைத்திருக்கிறது. இங்கே பாதி வேலை பழக்கத்தில்தான் வருகிறது. எனக்கு மாதச் சம்பளம் இல்லை, கூப்பிட்ட நாளுக்குத்தான் காசு. கார் கம்பெனி நிகழ்ச்சி, ட்ராக் டே, தனி மாணவர் எல்லாவற்றையும் சேர்த்தால்தான் வீட்டு வாடகை தேறும். அண்ணா பார்த்த பெடல் கம்பெனிக் காரில் இருந்திருக்கும். நான் சொல்வது சொந்தக் கார்.

சாட்ஸ்வொர்த் கே53:
ஆக, பெடல் இருக்கிறது!

உம்கேனிக்காரன்:
ஜோபர்க்காரர்கள் (ஜோஹன்னஸ்பர்க்காரர்கள்) எல்லாமே தங்களுடையது என்று பேசுவது புதிதல்ல. டர்பன் பக்கத்து பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் ராய் ஹெஸ்கெத் ரேஸ் ட்ராக் 1981இல் மூடாமல் இருந்திருந்தால் நம் பையன்களும் பக்கத்திலேயே பழகியிருப்பார்கள். 1979இல் ஃபார்முலா ஒன் கார் ரேஸில் உலகச் சாம்பியன் ஆன ஜோடி ஷெக்டர் ஈஸ்ட் லண்டனில் பிறந்தவர், ஜோபர்க்கில் இல்லை. அப்புறம் அது "கியாலாமி" இல்லை, "கயலாமி". சூலுவில் "இக்காயா லாமி" என்றால் என் வீடு.

இடதுசீட்டு:
ஷெக்டர் 1975இல் ஜெயித்தது எந்த ட்ராக்கில்? கியாலாமியில். கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டர் உயரத்தில் காற்று மெல்லியது. சாதாரண இன்ஜின் மூச்சு வாங்கும், காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளுகிற டர்போவுக்குக் கவலை குறைவு. 1980இல் ரெனே அர்னூ ரெனோ டர்போவில் இங்கே ஜெயித்ததற்கு அதுவும் ஒரு காரணம். மெல்லிய காற்றில் பிரேக்கும் சீக்கிரம் ஆறாது. நான்கு லேப் விரட்டினால் வாசனை வந்துவிடும். அதனால்தான் பிரேக்கை நம்பிக் கற்றுக்கொடுக்காதீர்கள் என்கிறேன்.

உம்கேனிக்காரன்:
உச்சரிப்புக்குப் பதில்?

சாட்ஸ்வொர்த் கே53:
இவருக்கு என்னைப் பிடிக்காது, அவ்வளவுதான். மூன்று வருஷம் முன்னால் என் அக்கா மகனைத் தன்னோடு ஒரு நாள் கூட்டிப்போகச் சொன்னேன். முடியாது என்றார். அன்றிலிருந்து எங்கே பார்த்தாலும் முகத்தைத் திருப்புகிறார்.

இடதுசீட்டு:
உங்கள் அக்கா மகன் செருப்புக் காலோடு வந்தான். ஹெல்மெட் போட மாட்டேன், தலைமுடி கலையும் என்றான். அவனை எந்தக் காரில் ஏற்றுவது?

லெனேசியா அக்கா:
தம்பி, என் பையனிடம் கார் இல்லை. கார் இல்லாமல் தொடங்க முடியுமா?

சாட்ஸ்வொர்த் கே53:
குழந்தைப் பையனை இப்படிப் பொதுவில் எழுதுவது நியாயமா? அவன் அப்பா படித்தால் என்ன நினைப்பார்? நான் கேட்பது ஒன்றுதான்: பெடல் இருந்ததா, இல்லையா?

இடதுசீட்டு:
25 வயதுக் குழந்தை. சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு நீங்களே வாருங்கள். ஒருவர் பக்கத்தில் உட்காருங்கள். மூன்று லேப் போதும்.

சாட்ஸ்வொர்த் கே53:
வருகிறேன். டர்பனிலிருந்து என் ஸ்கூல் காரிலேயே வருகிறேன். அதில் பெடல் இருக்கிறது.