ஜூட்டோபியா: நரியைக் கண்டு முயல் பயந்தால் அது தப்பா?

வேப்பங்கொழுந்து:

மூன்றாம் வகுப்பு படிக்கும் மகளோடு ஜூட்டோபியாவை மறுபடி பார்த்தேன். 2016இல் டிஸ்னி எடுத்த படம், அனிமேஷனுக்கு ஆஸ்கர் வாங்கியது. முதல் முயல் போலீஸாக வரும் ஜூடி, ஊரை ஏய்த்துப் பிழைக்கும் நரி நிக், காணாமல் போய், பிறகு வெறி பிடித்த நிலையில் கிடைக்கும் 14 வேட்டை விலங்குகள். இனவெறியைப் பற்றிய படம் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள், நானும் முடிந்ததும் மகளிடம் பாடம் நடத்த ஆரம்பித்தேன். பிறப்பை வைத்து யாரையும் எடை போடக் கூடாது, எல்லா நரியும் மோசம் கிடையாது, இத்யாதி. அவள் கேட்டாள்: "ஆனா நரி நிஜமாவே முயலைச் சாப்பிட்டுச்சே? அப்ப முயல் பயந்தா எப்படிம்மா தப்பு?"

பதில் வரவில்லை. படமே அந்த இடத்தில்தான் தொடங்குகிறது. பள்ளி நாடகத்தில் குட்டி ஜூடி தக்காளி சாஸைப் பீய்ச்சிக்கொண்டு, கடிபட்டுச் சாவதாக நடிக்கிறாள். அமெரிக்காவில் கறுப்பின மக்கள்மேல் வெள்ளையருக்கு உள்ள பயத்துக்கு இப்படி ஒரு கடிபட்ட வரலாறு கிடையாது. பயந்தவர்கள்தான் சாட்டையும் கையுமாக இருந்தவர்கள். அப்படியிருக்க கறுப்பின மக்களை வேட்டை விலங்காகக் காட்டும் உவமையே தப்பான உவமை ஆகிவிடாதா? அவளுக்கு என்ன சொல்லட்டும்?

கடைசிபெஞ்ச்:

ஆகும். எனக்கும் இந்தப் படத்தில் உறுத்துவது இதுதான். அதிகாரக் கணக்கும் இடிக்கிறது. வேட்டை விலங்குகள் ஊரில் 10 சதவீதம், ஆனால் மேயர் ஒரு சிங்கம். அந்தச் சிங்கத்திடம் திட்டு வாங்கிக்கொண்டு ஓடும் உதவி மேயர் ஒரு செம்மறி ஆடு. முயலை மதிக்காமல் பார்க்கிங் டிக்கெட் கிழிக்க அனுப்பும் போலீஸ் தலைவரோ புல் தின்னும் எருமை. யார் மேலே, யார் கீழே? காட்சிக்குக் காட்சி மாறுகிறது. குழந்தைகள் படம்தானே என்று விட்டுவிடுங்கள்.

நிழற்குடை:

கடைசிபெஞ்ச் சொல்லும் குழப்பம் உண்மை. ஆனால் உங்கள் மகளின் கேள்விக்குப் படத்துக்குள்ளேயே பதில் இருக்கிறது. வேகமாக ஓடிப்போகும் இடம் என்பதால் பலரும் கவனிப்பதில்லை.

ஜூடி வேலையை விட்டுவிட்டு ஊருக்கே திரும்பி காரட் விற்கிறாள் இல்லையா? அங்கே ஊதாப் பூச்செடி ஒன்றைப் பற்றிப் பேச்சு வருகிறது. பயிரில் பூச்சி விழாமல் இருக்க அப்பா வரப்போரம் நட்டது. அப்போது அம்மா சாதாரணமாகச் சொல்கிறாள்: சின்ன வயசில் உன் டெர்ரி மாமா இதில் ஒன்றை முழுசாக விழுங்கிவிட்டுப் பைத்தியம் பிடித்த மாதிரி ஆகிவிட்டான் என்று. உன் அம்மாவைக் கடித்துவிட்டான் என்கிறார் அப்பா. ஜூடி திகைத்துப்போய், அப்படியானால் முயலும் வெறி பிடித்துக் கடிக்குமா என்கிறாள். அம்மா உடனே தயங்குகிறாள், அவ்வளவு பெரிய வார்த்தை எதற்கு என்று. அப்பாதான் விடாமல், உன் கையில் இன்னும் பள்ளம் இருக்கிறதே என்கிறார்.

எனக்கு மொத்தப் படமும் இந்த அரை நிமிடம்தான். முயல் கடித்தால் அது குடும்பக் கதை, "அன்னிக்கு மாமாவுக்கு என்னமோ ஆயிடுச்சு" என்று சிரித்துக்கொண்டே சொல்வது. அதே பூவால் புலியும் நீர்நாயும் கடித்தபோது அது ரத்தத்தில் ஊறிய குணம், ஆயிரம் வருஷத்துப் பழி. இதை மேடையில் நின்று சொன்னவளே ஜூடிதான். பத்திரிகையாளர் கூட்டத்தில், இது அவற்றின் உடற்கூறு சம்பந்தப்பட்டதாக இருக்கலாம், பழைய காட்டுக் குணத்துக்குத் திரும்புகின்றன என்கிறாள். கெட்ட எண்ணம் துளியும் இல்லை. நிருபர்களை எப்படிச் சமாளிப்பது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே நிக்தான். ஓரமாக நின்று அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

அப்புறம் நடப்பதை ஒரு தடவை நிறுத்திப் பாருங்கள். என்னைக் கண்டு பயமா என்று கேட்டு நிக் சட்டென்று பாய்வதுபோல் காட்டுகிறான். ஜூடியின் கை இடுப்புக்குப் போகிறது, ஊரிலிருந்து கிளம்பும்போது பெற்றோர் கொடுத்த நரி விரட்டி ஸ்ப்ரே இருக்கும் இடத்துக்கு. யோசித்துப் போன கை இல்லை அது. சின்ன வயதில் ஒரு நரிப்பயல் கன்னத்தில் கீறியதும் அந்தக் கையில் இருக்கிறது. நிக் எதுவும் கத்துவதில்லை. போலீஸில் சேர அவள் கொடுத்த விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகிறான்.

பயம் வந்தது தப்பில்லை என்று உங்கள் மகளிடம் தாராளமாகச் சொல்லுங்கள். அந்தப் பயத்தை அறிவியல் மாதிரி மைக்கில் சொன்னதால் என்ன ஆனது என்று அவளையே கேளுங்கள். வரவேற்பில் டோனட் தின்றுகொண்டு உட்கார்ந்திருக்கும் சிறுத்தை கிளாஹாசரை அவளுக்கும் பிடித்திருக்கும். அவனை யாரும் வேலையைவிட்டுத் தூக்குவதில்லை. உள்ளே நுழைந்ததும் தெரியும் முதல் முகம் வேட்டை விலங்காக இருக்க வேண்டாம் என்று, கீழ்த்தளத்தில் பாய்லர் பக்கத்தில் இருக்கும் ஆவண அறைக்கு மாற்றிவிடுகிறார்கள். அவன் பெட்டியைக் கட்டிக்கொண்டே ஜூடியிடம் இதைச் சொல்லும்போது, அவள் முகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

மழைக்காகிதம்:

நிழற்குடையோடு ஒத்துப்போகிறேன், கொஞ்சம் அமெரிக்கக் கதையும் சேர்க்கிறேன். அந்த மேடைப் பேச்சு கற்பனை இல்லை. 1995இல் ஜான் டியூலியோ என்ற அரசியல் அறிவியல் பேராசிரியர், ஈவிரக்கமற்ற இளம் குற்றவாளிகளின் அலை ஒன்று வரப்போகிறது என்று எழுதினார். அவர்களுக்கு அவர் வைத்த பெயர் 'சூப்பர் பிரிடேட்டர்', அதாவது படுபயங்கர வேட்டை விலங்கு. மறு வருடமே ஹிலாரி கிளிண்டன் மேடையில் அதைச் சொன்னார். சிறுவர்களைப் பெரியவர்களைப் போல விசாரிக்கும் சட்டங்கள் பல மாநிலங்களில் இறுகின, அடி அதிகம் விழுந்தது கறுப்பினச் சிறுவர்கள்மேல். அலை வரவில்லை, சிறார் குற்றங்கள் குறைந்தன. டியூலியோவே பிறகு தன் கணிப்பு தவறு என்று ஒப்புக்கொண்டார்.

இன்னொன்று: முதலில் இந்தப் படம் நிக்கின் கதையாகத்தான் இருந்தது. வேட்டை விலங்குகள் எல்லாம் கழுத்துப் பட்டை மாட்டியிருக்க வேண்டும், உணர்ச்சிவசப்பட்டால் ஷாக் அடிக்கும். அப்படிப்பட்ட ஊரைப் பார்வையாளர்களுக்குப் பிடிக்காமல் போகும் என்று தெரிந்ததும், 2014 இறுதியில் கதையை ஜூடி பக்கம் திருப்பினார்கள். படம் தப்பித்தது. ஆனாலும் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. பட்டை என்பது சட்டம், அதை மாட்டியவன் யார் என்று கேட்க முடியும். இப்போதைய படத்தில் தப்பு மனதுக்குள் போய்விட்டது, பழியை உதவி மேயரான அந்தச் செம்மறி ஆட்டின் தலையில் கட்டிவிட்டுப் பாட்டு போட்டு முடித்துவிடுகிறார்கள்.

கடைசிபெஞ்ச்:

டெர்ரி மாமா விஷயம் நான் கவனிக்கவே இல்லை, அது அருமை. உவமை இடிக்கிறது என்பதில் மாற்றமில்லை.

வேப்பங்கொழுந்து:

அந்தக் காட்சியை மட்டும் திரும்பப் போட்டேன். மகள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "மாமாவை மட்டும் யாரும் கூண்டுல போடலையே" என்றாள். நான் பாடம் எதுவும் நடத்தவில்லை. 2025இல் வந்த இரண்டாம் பாகம் கேட்கிறாள், அதில் பாம்பு வருகிறதாம். பாம்பு என்றால் நான் ஜூடியின் அப்பா அம்மா கட்சி, ஸ்ப்ரே வாங்கிக்கொண்டுதான் உட்கார வேண்டும்.