எண் தெரியாத பழைய இரும்புப் பெட்டி: உடைக்காமல் திறக்க முடியுமா?

கோவைக்காரன்:
வணக்கம். இங்கே மூடிப்போன ஒரு மில்லின் சாமான்களை ஏலத்தில் எடுத்த பழைய இரும்புக் கடைக்காரரிடம் ஒரு இரும்புப் பெட்டி வாங்கினேன். இடுப்பு உயரம், நாலு பேர் சேர்ந்துதான் வண்டியிலிருந்து இறக்கினோம். சாவித்துளையே கிடையாது. 0 முதல் 99 வரை கோடு போட்ட ஒரு டயல், கீழே பித்தளைக் கைப்பிடி, அவ்வளவுதான். கம்பெனித் தகடு எப்போதோ போய்விட்டது. உள்ளே தங்கம் இருக்கும் என்ற ஆசையெல்லாம் இல்லை, "ஆட்டிப் பாத்தேன், ஒண்ணும் சத்தம் வரல சார்" என்று சொல்லித்தான் கடைக்காரரே விலையைக் குறைத்தார் (அதை எப்படி ஆட்டினார் என்று என்னைக் கேட்காதீர்கள்). தெருமுனை வெல்டிங் பட்டறையில் கேஸ் கட்டர் வைத்து அறுத்துத் தருகிறேன் என்கிறார்கள். எனக்கு அது வேண்டாம், டயலைச் சுற்றியே திறக்கக் கற்றுக்கொள்ள வேண்டும், எத்தனை மாதம் ஆனாலும் சரி. எங்கிருந்து தொடங்குவது? ஸ்டெதஸ்கோப் வாங்க வேண்டுமா?

பூட்டுப்பித்தன்:
ஸ்டெதஸ்கோப் சினிமாவுக்கு. உங்களுக்கு வேண்டியது ஒரு பூதக்கண்ணாடி, நல்ல மேசை விளக்கு, ஒரு கிராஃப் நோட்டு.

முதலில் சோம்பேறி வழிகளை முடித்துவிடுங்கள். கைப்பிடியை முறுக்கிப் பிடித்துக்கொண்டே டயலைச் சுற்றாதீர்கள், கதவை உள்பக்கமாக நன்றாக அழுத்தி, தாழ்ப்பாள் மேலிருக்கும் இறுக்கத்தை எடுத்துவிட்டுச் சுற்றுங்கள். தொழிற்சாலையிலிருந்து வரும்போதே வைத்த 50-25-50 போன்ற எண்களை மாற்றாமலே விட்டவர்கள் ஏராளம். கனடாவில் வெர்மிலியன் என்ற ஊரின் அருங்காட்சியகத்தில் 1970-களிலிருந்து பூட்டியே கிடந்த ஒரு பெட்டியை 2019-இல் சுற்றிப் பார்க்க வந்த ஒருவர் சும்மா 20-40-60 போட்டுப் பார்த்தார், திறந்துகொண்டது! உள்ளே இருந்தது ஒரு உணவக ஆர்டர் புத்தகமும் சம்பளச் சீட்டும். லாஸ் அலமோஸில் அணுகுண்டு ரகசியங்கள் இருந்த அலமாரிகளை விளையாட்டாகத் திறந்துகொண்டிருந்த இயற்பியலாளர் ஃபெய்ன்மன், சக விஞ்ஞானி ஒருவரின் பூட்டை 27-18-28 போட்டுத் திறந்தார். 2.71828 என்ற கணித மாறிலிதான் அது. மில் அலுவலகம் என்றால் மில் தொடங்கிய தேதி, முதலாளி பிறந்த தேதி எல்லாம் போட்டுப் பாருங்கள்.

அப்புறம்தான் நிஜ வேலை. உள்ளே பெரும்பாலும் மூன்று சக்கரம் இருக்கும், ஒவ்வொன்றின் விளிம்பிலும் ஒரு வெட்டு. மூன்று வெட்டும் ஒரே நேர்கோட்டில் வரும்போது மேலே இருக்கும் லீவரின் தண்டு அதற்குள் விழும், பூட்டு திறக்கும். கணக்குப்படி பத்து லட்சம் வாய்ப்பு. ஆனால் எந்தச் சக்கரமும் அச்சு அசலாக வட்டமாக இருக்காது, மூன்றும் ஒரே உயரத்திலும் இருக்காது, தண்டு எப்போதும் உயரமான சக்கரத்தின் மேல்தான் உட்காரும். அந்தக் குறைதான் நமக்கு வழி. டயலோடு சேர்ந்து சுற்றும் கேம் (cam) என்ற வட்டத் தகட்டில் ஒரு பள்ளம் உண்டு. அந்த இடத்தில் டயலை இடமும் வலமும் மெல்ல ஆட்டினால் லீவரின் மூக்கு, அதாவது அதன் முனை, பள்ளத்தின் இரண்டு பக்கமும் முட்டுவது விரலில் தெரியும். அந்த இரண்டு எண்களையும் எட்டில் ஒரு பங்கு கோடு துல்லியமாகப் படித்து எழுதுங்கள். மூன்று சக்கரத்தையும் சேர்த்து இரண்டரை எண் நகர்த்தி மறுபடி படியுங்கள். ஒரு முழுச் சுற்றுக்கு 40 அளவுகள் வரும், கிராஃப் போட்டால் எங்கே அந்த இரண்டு எண்களுக்கும் நடுவிலான இடைவெளி குறுகுகிறதோ அங்கே ஏதோ ஒரு சக்கரத்தின் வெட்டு இருக்கிறது.

பழையசாமான்:
தலைவா, இவ்வளவு பாடு எதற்கு? ஒரு ஓட்டை போட்டுக் கம்பி விட்டால் அரை மணி நேர வேலை.

திண்டுக்கல்_மாங்காய்:
@பழையசாமான், டிரில்லோடு போவதற்கு முன் கொஞ்சம் நில்லுங்கள். பல பெட்டிகளில் பூட்டைத் தாக்கினால் தனியாக விழுந்து பூட்டிக்கொள்ளும் இரண்டாவது தாழ் இருக்கும், அது விழுந்தால் சரியான எண் தெரிந்தாலும் திறக்காது. தீ தாங்கும் பழைய பெட்டிகள் சிலவற்றின் சுவருக்குள் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு, அந்தத் தூளை மூச்சில் இழுக்கவா? அமெரிக்காவில் 1920-களை ஒட்டி, திருடனை விரட்ட, கதவின் உட்புறம் கண்ணீர்ப்புகைக் கண்ணாடிக் குப்பி மாட்டுவார்கள். அவற்றில் சில இன்னும் உடையாமல் இருக்கின்றன. தகடு இல்லாத பெட்டியில் என்ன இருக்கிறது என்று யார் கண்டது.

நான் சாவிப் பூட்டு ஆள், டயல் பற்றி அதிகம் பேச மாட்டேன். பொறுமை மட்டும் எல்லாவற்றுக்கும் பொது. லண்டனில் பிராமா கம்பெனி கடை ஜன்னலில் வைத்துச் சவால் விட்ட பூட்டை 1851-இல் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் திறக்க 16 நாட்களில் மொத்தம் 51 மணி நேரம் ஆனது, பரிசு 200 கினி (அந்தக் கால பிரிட்டிஷ் பணம்).

இன்னொன்று தம்பி, கடைக்காரரிடம் ஏல ரசீதின் நகலைக் கட்டாயம் வாங்கி வையுங்கள். உள்ளே யாருடைய பத்திரமாவது இருந்தால் பின்னால் தலைவலி.

கோவைக்காரன்:
ரசீது வாங்கிவிட்டேன் அண்ணே. ஊகித்த எண்கள் எதற்கும் அசையவில்லை. இடது பக்கம் பல சுற்று சுற்றிவிட்டு வலமாகத் திருப்பியபோது மூன்று இடத்தில் லேசாகக் கனம் கூடியது, அப்படியென்றால் மூன்று சக்கரம்தானே? கிராஃபும் போட்டேன். எல்லா இடத்திலும் கோடு ஏறத்தாழ ஒரே மட்டம், 37 பக்கத்தில் மட்டும் இடைவெளி அரைக் கோடு குறைகிறது. ஆனால் எந்தச் சக்கரம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பூட்டுப்பித்தன்:
மூன்றுதான். அரைக் கோடு என்பது நல்ல பெரிய அடையாளம், விடாதீர்கள். இப்போது 47-37-37, 37-47-37, 37-37-47 என்று மூன்று விதமாகப் போட்டு அளவு எடுங்கள். எந்தச் சக்கரத்தை 47-க்குத் தள்ளும்போது இடைவெளி மறுபடி அகலமாகிறதோ அதுதான் உங்கள் சக்கரம். அதை 37-இலேயே வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் சேர்த்து நகர்த்தி இன்னொரு கிராஃப். இரண்டாவதும் கிடைத்துவிட்டால் மூன்றாவதற்குக் கிராஃபே வேண்டாம், 40 இடத்தையும் வரிசையாகச் சுற்றிப் பார்த்தால் போதும். விரல் மரத்துப்போனால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள், களைப்பில் எடுத்த அளவு குப்பை.

திறந்த சந்தோஷத்தில் கதவை மட்டும் மூடிவிடாதீர்கள். திறந்த நிலையிலேயே தாழ்ப்பாளை வெளியே தள்ளி டயலைக் கலைத்துவிட்டு அதே எண்ணை நாலைந்து முறை போட்டுப் பாருங்கள், ஒவ்வொரு முறையும் திறந்தால்தான் மூடலாம். கிராஃபைப் படம் எடுத்து இங்கேயே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.