பாதியில் நிற்கும் நாவலை எப்படி நகர்த்துவது?

எல்லோருக்கும் வணக்கம். நாவல் எழுதி முடித்தவர்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் வழி சொல்லுங்கள். எனக்கு திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் வேலை. ஷிப்மென்ட் நெருங்கும் வாரங்களில் ஒரு வரிகூட எழுத முடியாது, அப்புறம் திரும்ப உட்கார்ந்தால் என் பாத்திரங்களே யாரோ எவரோ மாதிரி தெரிகிறார்கள்.

கதை ஒரு சாயப்பட்டறைக் குடும்பத்தைப் பற்றியது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதே, அந்தச் சமயத்தில் நடக்கிறது. நொய்யல், சாயக்கழிவு, சுத்திகரிப்பு நிலையம் என்று நிறையத் தகவல் சேர்த்து வைத்திருக்கிறேன், ஆனால் அதையெல்லாம் உள்ளே கொண்டுவந்தால் கதை செய்தி அறிக்கை மாதிரி ஆகிவிடுகிறது, எடுத்துவிட்டால் ஊரே காணாமல் போய்விடுகிறது. இதை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

சுந்தர ராமசாமியின் முதல் நாவல் 1966-ல் வந்தது, இரண்டாவது 1981-ல். இதைச் சொல்லி மனதைத் தேற்றிக்கொள்வேன் (இடையில் அவர் சும்மா இருக்கவில்லை என்பதும் தெரியும், சரி விடுங்கள்).

முதல் வரைவு முடியும்வரை பின்னால் போய்த் திருத்தாதே என்கிறார் ஒரு நண்பர். எனக்கு அது ஒத்துவரும் என்று தோன்றவில்லை. உங்களில் யாருக்காவது ஒத்துவந்ததா? கொங்குப் பேச்சுவழக்கு தெரிந்தவர் ஒருவர் முதல் இரண்டு அத்தியாயங்களைப் படித்து, எங்கே அலுப்புத் தட்டுகிறது என்று தயவுதாட்சண்யம் இல்லாமல் சொன்னால் போதும். பதிலுக்கு உங்கள் கதையை நானும் அப்படியே படித்துச் சொல்கிறேன்.