பூண்டு ரசம் எனக்கு மருந்தா, வினையா? அம்மாவுக்கும் உணவியல் நிபுணருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டேன்

பத்தியக்காரன்:
வயது 36, கோவையில் வேலை. ஆறு வருஷமாக வயிறு ஒரு வழிக்கு வரவில்லை. சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் உப்புசம், இரைச்சல். ஒரு வாரம் கழிச்சல் என்றால் அடுத்த வாரம் மலச்சிக்கல். எண்டோஸ்கோபி, ரத்தம், மலம், கோதுமைப் புரதம் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய்க்கான சோதனை என எல்லாம் பார்த்து, எதிலும் கோளாறு இல்லாமல், கடைசியில் ஐபிஎஸ், அதாவது குடல் எளிதில் எரிச்சலடையும் கோளாறு என்று முடிவு கட்டினார்கள். உணவியல் நிபுணர், ஆறு வாரத்துக்குப் பூண்டு, வெங்காயம் பக்கமே போகாதே என்கிறார். அம்மா, வாயுவுக்குப் பூண்டு ரசத்தை விட்டால் மருந்தே கிடையாது என்று தினமும் இரண்டு டம்ளர் வைத்துக் கொடுக்கிறார். மறுத்தால் முகம் தொங்கிப் போகிறது. மசாலாச் சாமான் மொத்தத்தையும் நிறுத்திவிட்டுத் தயிர்சாதத்தோடு காலம் தள்ள வேண்டியதுதானா?

மாயவரம் மாமி:
தம்பி, அம்மா சொல்வதைக் கேள். நாற்பத்தெட்டு வருஷமாக அடுப்படியில் நிற்கிறேன். பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டுக் குழம்பு, வாயு பிடித்தால் சுட்ட பூண்டு, வாய்க் கசப்புக்கு அங்காயப்பொடி. சுண்டைக்காயும் வேப்பம்பூவும் சுக்கும் மிளகும் வறுத்து இடித்த பொடியை ஒரு பிடி சோற்றில் நெய் விட்டுப் பிசைந்து சாப்பிட்டு யாருக்கு என்ன ஆயிற்று? நம் அஞ்சறைப்பெட்டியே ஒரு மருந்துப்பெட்டிதான். நேற்று வந்த படிப்பு அதை நிறுத்து, இதை நிறுத்து என்கிறது.

காரசாரம்:
மாமி பாதி சரி. மீதிப் பாதிக்கு நான் வருகிறேன். இந்த ஊரில் வயிறு வலி என்றாலே முதல் குற்றவாளி மிளகாய். ‘காரம் தின்றால் அல்சர் வரும்’ என்று பயமுறுத்தியே என்னைப் பத்து வருஷம் இட்லியும் பாலும் தின்ன வைத்தார்கள். ஆஸ்திரேலியாவின் பாரி மார்ஷல் 1984-இல் ஹெலிகோபாக்டர் பைலோரி பாக்டீரியாவைத் தானே குடித்து, இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார். அவருக்கும் ராபின் வாரனுக்கும் 2005-இல் நோபல். அல்சருக்குப் பெரும்பாலும் காரணம் அந்தக் கிருமியும் சில வலி மாத்திரைகளும்தான், மிளகாய் இல்லை. ஆனால் இன்னும் காய்ந்த மிளகாயைப் பார்த்தாலே அலறுகிறார்கள்.

தட்டும் அளவும்:
உணவியல் துறையில் இருக்கிறேன். காரசாரம் அண்ணா, அல்சர் வேறு, ஐபிஎஸ் வேறு. மிளகாய் அல்சரை உண்டாக்காது என்பது சரி. அதனால் அது எல்லா வயிற்றுக்கும் சாது என்று ஆகிவிடாது. மிளகாயின் காரப்பொருளான கேப்சைசினைப் பிடித்துக்கொள்ளும் டிஆர்பிவி1 என்ற ஏற்பியை 1997-இல் டேவிட் ஜூலியஸ் குழு கண்டுபிடித்தது. அவருக்கு 2021-இல் நோபல் கிடைத்தது. அது சூட்டை உணரும் அதே ஏற்பி. அதனால்தான் மிளகாய் ‘எரிகிறது’. நாக்கில் மட்டுமல்ல, குடல் நரம்புகளிலும் அது இருக்கிறது. சாதாரணக் குடல் கண்டுகொள்ளாமல் விடும் எரிச்சலை ஐபிஎஸ் உள்ளவரின் குடல் வலியாகவே உணரலாம்.

மாமி, கோபிக்க வேண்டாம். அங்காயப்பொடியோடு எனக்குச் சண்டை இல்லை. சண்டை பூண்டோடு மட்டும்தான். பூண்டிலும் வெங்காயத்திலும் ஃபிரக்டான் என்ற சர்க்கரைச் சங்கிலி உண்டு. அதை உடைக்கும் நொதி மனிதக் குடலில் யாருக்குமே கிடையாது. அது அப்படியே பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள நுண்ணுயிரிகளுக்குத் தீனியாகி, வாயுவாகிறது. எல்லோர் வயிற்றிலும் நடப்பதுதான். இவருடைய குடல் அதைத் தாங்காமல் கத்துகிறது, அவ்வளவே. மெல்பர்ன் மோனாஷ் பல்கலைக்கழகத்தார் 2005 வாக்கில் இப்படிப்பட்ட உணவுகளை ஒரு கூட்டமாக்கி ‘ஃபாட்மேப்’ என்று பெயர் வைத்தார்கள். நிறுத்தச் சொல்வது அதைத்தான், அதுவும் ஆயுளுக்கும் இல்லை. சில வாரம் நிறுத்திவிட்டு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மாயவரம் மாமி:
சரி, பூண்டு ஆகாது என்றே வைத்துக்கொள்வோம். ரசம் கொதித்ததும் பூண்டுப் பல்லைப் பொறுக்கி எறிந்துவிட்டு, தெளிவை மட்டும் குடிக்கட்டுமே? சாம்பாரிலும் அப்படித்தான், வெங்காயத்தை ஓரமாக ஒதுக்கினால் போயிற்று.

தட்டும் அளவும்:
மாமி, பலரும் சறுக்குகிற இடமே இதுதான். ஃபிரக்டான் தண்ணீரில் கரையும். புளித்தண்ணீரில் நசுக்கிப் போட்ட பூண்டு கால் மணி நேரம் கொதித்தால் அதில் கணிசம் தெளிவில் இறங்கிவிடும். பல்லைப் பொறுக்குவது, காபி போட்டுவிட்டுத் தூளை வடிகட்டுவது மாதிரி. சத்து இறங்கின பிறகு சக்கையை எறிந்து என்ன பிரயோஜனம்?

ஆனால் எண்ணெயில் அது கரையாது. பூண்டின் மணம் கரையும். நல்லெண்ணெயைச் சிறு தீயில் காயவைத்து, பூண்டைத் தோலுரித்து ஈரம் ஒட்டத் துடைத்து முழுசாகப் போடுங்கள். ஓரம் லேசாகப் பொன்னிறமாகும்போது சாரணியால் கடைசிப் பல் வரை அள்ளிவிட்டு, அதே எண்ணெயில் கடுகு, சீரகம், கறிவேப்பிலை தாளித்துக் கொள்ளலாம். பூண்டு உள்ளே இருக்கும்போது மட்டும் புளித்தண்ணீரை ஊற்றிவிடக் கூடாது. ஊற்றினால் பழைய கதைதான்.

காரசாரம்:
அப்படியானால் ஒரு பாட்டில் நிறையப் போட்டு அடுப்பு மேடையில் வைத்துக்கொள்ளலாமே. தினமும் யார் பூண்டு பொரிப்பது?

தட்டும் அளவும்:
கூடவே கூடாது. எண்ணெய்க்குள் காற்றுப் புகாது. பூண்டோடு வரும் மண் கிருமிக்கு அதுதான் சொர்க்கம். 1985-இல் கனடாவின் வான்கூவரில் ஓர் உணவகத்தில், எண்ணெயில் ஊறிய பூண்டைக் குளிர்பெட்டியில் வைக்காததால் 36 பேர் பொட்டுலிசம் என்ற, நரம்பை முடக்கும் உணவு நஞ்சு வந்து படுத்தார்கள். அன்றன்றைக்குச் செய்யுங்கள். மிஞ்சினால் உடனே ஃபிரிட்ஜ், இரண்டு மூன்று நாளில் தீர்த்துவிடுங்கள்.

யாழ்ப்பாணத்தான்:
எங்கட பக்கம் பிள்ளை பெத்தவைக்குச் சரக்குக் கறி வைப்பினம். மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள், வேர்க்கொம்பு, உள்ளி எல்லாம் அரைச்சு. மிளகாய் ஒரு சொட்டும் இல்லை. எனக்கு வயிறு சரியில்லாத நாளில் அம்மம்மா அதையே உள்ளி போடாமல் வைச்சுத் தருவா. சுகமா இருக்கும். மிளகாய்த்தூள் இல்லாமலும் கறிக்கு உறைப்பு வரும் எண்டு அப்பதான் விளங்கிச்சு.

மாயவரம் மாமி:
உள்ளி என்றால் வெங்காயம்தானே? நாகர்கோவில் சம்பந்தி சின்ன வெங்காயத்தைத்தான் அப்படிச் சொல்வாள்.

யாழ்ப்பாணத்தான்:
இல்லை மாமி, எங்களுக்கு உள்ளி எண்டால் பூண்டு. வேர்க்கொம்பு எண்டால் சுக்கு.

காரசாரம்:
சமையல் குறிப்புக்கு முதலில் அகராதி வேண்டும் போல. யாழ்ப்பாணத்து நண்பர் சொன்னது எனக்குப் பிடித்தது. மிளகாயே போர்த்துகீசியர் காலத்தில்தான் இங்கே வந்தது. அதற்கு முன்னால் நம் உறைப்பெல்லாம் மிளகுதான். ‘பாரம்பரியம்’ என்று மிளகாய்ப்பொடிக்கு வாதாடுகிறவர்கள் கொஞ்சம் யோசிக்கலாம். (நானும்தான்.)

ஆனால் தட்டும் அளவும் தங்கையிடம் ஒரு கேள்வி. பூண்டுக்குப் பதில் பெருங்காயம் போடு என்று எல்லோரும் சொல்கிறார்கள். டப்பாவின் பின்பக்கம் படித்தீர்களா? தூள் பெருங்காயத்தில் பாதிக்கு மேல் மைதாவோ கருவேலம் பிசினோதான். கோதுமையும் ஆகாது என்கிற உங்கள் ஃபாட்மேப் பட்டியல் அங்கே என்ன ஆகும்?

தட்டும் அளவும்:
நல்ல கேள்வி. ஐபிஎஸ் மட்டும் உள்ளவருக்குப் பயமில்லை. ஒரு சிட்டிகைத் தூளில் வரும் கோதுமைக்கு ஃபிரக்டான் கணக்கில் எடையே இல்லை. சீலியாக் உள்ளவருக்கு அப்படி இல்லை, அவர்களுக்குத் துளியும் கூடாது. அவர்கள் அரிசி மாவு கலந்ததையோ, கலப்பு என்னவென்று தெரிந்த கட்டிப் பெருங்காயத்தையோ தேட வேண்டும். இவருக்குச் சோதனை செய்து இல்லை என்றாகிவிட்டது. இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் ஒன்று: அந்தச் சோதனைக்கு முன்னாலேயே நீங்களாகக் கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம். மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, இரவில் எழுப்பிவிடுகிற கழிச்சல் என்றால் ரசம் வைத்துக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் போங்கள்.

மாயவரம் மாமி:
கட்டிப் பெருங்காயத்தை எண்ணெயில் பொரித்து, ரசம் இறக்கும்போது தட்டிப் போட்டால் வருகிற வாசனை தூளுக்கு வராது. இதை மட்டும் என்னிடம் யாரும் தர்க்கம் பண்ண வேண்டாம். சரி, புதினா? ஓமம்? அதற்கும் ஏதாவது வைத்திருப்பாயே நீ.

தட்டும் அளவும்:
புதினாவுக்கு ஐபிஎஸ்ஸில் நல்ல பெயர். ஆனால் சோதித்துப் பார்த்தது மிளகுப்புதினா எண்ணெயை, அதையும் குடலில் போய்க் கரைகிற உறையில் அடைத்து. அதன் மென்தால் குடல் தசையைத் தளர்த்துகிறது. துவையல் சாப்பிட்டால் அதே அளவு பலன் வரும் என்று சொல்ல முடியாது. நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்குப் புதினா வம்பும் பண்ணலாம். உணவுக்குழாயின் கீழ்வாய்த் தசையையும் அது தளர்த்திவிடும், அமிலம் மேலே ஏறும். ஓமம், சீரகம், இஞ்சி எல்லாம் சமையல் அளவில் பெரும்பாலோருக்குத் தொந்தரவு செய்வதில்லை. கடையில் வாங்கும் பொடிகளில்தான் கவனம் வேண்டும். மட்டன் மசாலா, பிரியாணி மசாலா, நூடுல்ஸ் பாக்கெட் எல்லாவற்றிலும் பூண்டுத்தூளோ வெங்காயத்தூளோ இருக்கிறதா என்று பொருள் பட்டியலைப் பாருங்கள்.

காரசாரம்:
ஆக, மிளகாயும் சந்தேகம், பூண்டும் சந்தேகம், கடைப்பொடியும் சந்தேகம். மனுஷன் பயந்து பயந்து சாப்பிட்டால் அந்தப் பயத்திலேயே வயிறு கலக்காதா?

தட்டும் அளவும்:
கலக்கும் அண்ணா, அதுவும் உண்மை. மனக்கலக்கம் வயிற்றையும் கலக்குவது எல்லோருக்கும் தெரிந்ததுதானே. அதனால்தான் எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்தாமல் ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொல்கிறேன்.

பத்தியக்காரன் (ஏழு வாரம் கழித்து):
எல்லோருக்கும் நன்றி. முதல் பத்து நாள் அம்மா பேசவே இல்லை. பிறகு இந்த எண்ணெய் விஷயத்தைப் படித்துக் காட்டினேன். ‘பூண்டு எண்ணெயிலதான இருக்கணும்? அத முன்னாடியே சொல்லித் தொலைக்கறதுக்கென்ன?’ என்றார். மறுநாளே சிறு தீயில் ஏழு பல் பொரித்து, என் கண் முன்னால் எண்ணி எடுத்தார். ஆறுதான் வந்தது. ஏழாவது கறிவேப்பிலைக்கடியில் ஒளிந்திருந்தது. அதைத் தேடி எடுத்த பிறகுதான் புளித்தண்ணீர் ஊற்றினார்.

உப்புசம் முக்கால்வாசி குறைந்துவிட்டது. ஆறாவது வாரம் முடிந்து மிளகாயைச் சேர்த்தேன். மூன்று நாள் கூட்டிக்கொண்டே போனேன். மதுரைக் கடைச் சால்னா வரைக்கும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. காரசாரம் அண்ணா, அதை உங்கள் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். ஐந்தாம் நாள் அரைப் பல் பூண்டு நசுக்கிப் போட்டோம். ராத்திரி ஒன்பது மணிக்கே இரைச்சல் ஆரம்பித்துவிட்டது.

காரசாரம்:
மிளகாய் நிரபராதி! இதை முதல் பதிவிலேயே ஒட்டி வையுங்கள் யாராவது.

தட்டும் அளவும்:
இவருக்கு மட்டும் நிரபராதி. அண்ணா, அந்தச் சால்னாவில் வெங்காயம் இல்லாமலா இருந்திருக்கும்? பத்தியக்காரன், வெங்காயத்தைத் தனியாக ஒருமுறை சோதித்துப் பாருங்கள். உங்களுக்குப் பூண்டு மட்டும்தான் ஆகவில்லை என்றால் சின்ன வெங்காயச் சாம்பாரை எதற்கு இழக்க வேண்டும்?

மாயவரம் மாமி:
தம்பி, அம்மா எந்த எண்ணெயில் பொரித்தாள், நல்லெண்ணெயா கடலை எண்ணெயா? எங்கள் வீட்டுக்காரருக்கும் ராத்திரியானால் இதே இரைச்சல். நாளைக்கு ஒரு பாத்திரம் தனியாக வைத்துப் பார்க்கிறேன். அவரிடம் சொல்லப் போவதில்லை.