கல்லிடைக்குறிச்சி ஓட்டு வீட்டில் அனல் இறங்க வழி சொல்லுங்கள்

வணக்கம் அண்ணாச்சிமாரே, அக்காமாரே. கல்லிடைக்குறிச்சியில் எங்கள் தாத்தா கட்டிய ஓட்டு வீட்டில் இருக்கிறோம். தூசியும் அணில் தொல்லையும் தாங்காமல் மூன்று ஆண்டுகளுக்கு முன் ஓட்டுக்குக் கீழே ஜிப்சம் பலகை அடித்தோம். வேலைக்கு வந்தவர் உச்சிச் சுவரில் இருந்த காற்றுத் துவாரங்களையும் பூசி அடைத்துவிட்டார். அன்று பிடித்தது வினை.

நேற்று இரவு பத்து மணிக்கு ஸ்டூல் போட்டு ஏறிப் பலகையைத் தொட்டேன். அப்போதுதான் இறக்கி வைத்த இட்லிக் கொப்பரை போலச் சுட்டது. 76 வயது அம்மா ஈரத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு திண்ணையில் படுக்கிறார். அதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை. ஏசியை 26இல் வைத்தாலும் ஓய்வதில்லை. இரண்டு மாதத்துக்கான இலவச 100 யூனிட் பத்தே நாளில் தீர்ந்துவிடுகிறது.

மின்சாரம் இல்லாமல் காற்றில் சுழன்று உள்ளே தேங்கும் அனலை வெளியே இழுக்கும் டர்பைன் வென்டிலேட்டரைக் கூரையில் வைக்கச் சொல்கிறார்கள். கூரை விளிம்புக்கு அடியில் காற்று நுழைய வழி விடாமல் அதை மட்டும் வைத்தால், பலகை இடுக்கு வழியாக ஏசிக் குளிர்ச்சியைத்தானே உறிஞ்சும்? ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து சாரல் அடிக்குமே, துவாரத்தை எந்தப் பக்கம் விடுவது? ஓட்டுக்கு அடியில் இடைவெளி விட்டு, பளபளப்பு கீழே பார்க்க அலுமினியப் படலம் கட்டியவர்கள் உண்டா? வெப்பம் குறைந்ததா?

அம்பை, வீரவநல்லூர், சேரன்மகாதேவிப் பக்கம் இந்த வேலை தெரிந்த ஆசாரி இருந்தால் அவசியம் சொல்லுங்கள். கத்திரி பிறப்பதற்குள் முடிக்க வேண்டும்.