‘சிட்டி பாப்’ – தமிழில் எப்படி?

வணக்கம். இசைச் சொல்லடைவில் ‘சிட்டி பாப்’ என்பதற்கு ‘நகர மெல்லிசை’ என்று போட்டிருக்கிறேன். சுகர் பேப் குழுவின் ‘சாங்ஸ்’ (1975) தொடங்கி, தத்சுரோ யமாஷிதாவின் ‘ஃபார் யூ’ (1982), மரியா தகேயுச்சியின் ‘வெரைட்டி’ (1984) என வளர்ந்த ஜப்பானிய பாப் இசைவகை இது. மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.

> நகர மெல்லிசை

மெல்லிசை வேண்டாம் ஐயா, மேடைக்கச்சேரி நினைவுதான் வரும். இதற்கு உயிரே தாளம். ‘ஃபார் யூ’வின் முதல் பாட்டு ‘ஸ்பார்க்கிள்’ தொடக்கத்தைக் கேளுங்கள். டெலிகாஸ்டர் கிட்டார், கரகரப்பு ஏற்றாத ஒலி. வலக்கை ஒரு தட்டுக்கு நாலு வீதம் நிற்காமல் மேலும் கீழும் ஓடும். இடக்கை விரல்கள் தளரும்போது சுரம் அறுந்து ‘சிக்’ மட்டும் மிஞ்சும். பழகுகிறவர்கள் வலக்கையை நிறுத்தி ஒலியை அறுக்கப் பார்ப்பார்கள். ஓட்டம் அங்கேயே செத்துவிடும். இதற்கு ‘வெட்டு மீட்டு’ எனத் தனிப்பதிவு போடலாம். வகைக்கு ‘துள்ளிசை’ பொருந்தும். ஈழத்தில் பொப் பாடலுக்கு வழங்கும் சொல்தான்.

> துள்ளிசை

சம்மதம். ஆனால் ‘நகர’? ஓவியர் ஹிரோஷி நாகாய் வரைந்த இசைத்தட்டு உறைகளில் நீச்சல்குளமும் பனைமரமும்தானே!

> நீச்சல்குளமும் பனைமரமும்

நகரம் கேட்பவர் பக்கம் இருக்கிறது. காரில் ஸ்டீரியோ, 1979இல் வாக்மேன், கையில் காசு. வாரக்கடைசியில் கடற்கரைக்குக் கிளம்பும் டோக்கியோக்காரர். ‘மாநகர்த் துள்ளிசை’ என்றே வைப்போம்.

இன்னொன்று. வரலாற்றுக் குறிப்பில் ‘மறுமலர்ச்சி’ என்று இருப்பதை எடுத்துவிடுங்கள். ‘வெரைட்டி’ தொகுப்பு முதலிடம் பிடித்தது. அதிலிருந்து 1985இல் தனியாக வந்த ‘பிளாஸ்டிக் லவ்’ பாட்டு ஜப்பானின் ஒரிகான் விற்பனைப் பட்டியலில் 86ஆம் இடத்தோடு சரி. அன்று பூக்காதது எப்படி மறுபடி மலரும்? 2017இல் ரசிகர் ஒருவர் யூடியூபில் ஏற்றியதை அந்தத் தளத்தின் பரிந்துரைதான் உலகெங்கும் கொண்டுபோனது. மிகி மட்சுபராவின் 1979 பாட்டு, ‘ஸ்டே வித் மீ’ என்று பலர் அறிந்தது, 2020இல் டிக்டாக் வழியே பரவியது. ‘பின்னெழுச்சி’ எனலாம்.

> பின்னெழுச்சி

நல்ல சொல். ‘ஃபியூச்சர் ஃபங்க்’ (பழைய சிட்டி பாப் பாட்டுகளின் துணுக்குகளை வைத்துச் செய்யும் நடன இசை) பதிவிலும் திருத்தம் தேவை: “பழைய பாட்டை வேகமாக்குவது” என்பது போதாது. வேகத்தை 6 விழுக்காடு கூட்டினால் சுருதியும் அரைச்சுரம் ஏறும்; 12 என்றால் முழுச்சுரம், பாடகி சிறுமியாகிவிடுவார். அந்தக் கீச்சுக்குரல் வேண்டித்தான் அப்படியே விடுகிறார்கள். சுருதியை மென்பொருளில் பிடித்துவைத்து வேகத்தை மட்டும் கூட்டினால் டிரம்ஸ் அடி மழுங்கும். மேலே புதிதாக ஒரு கிக் டிரம் சேர்ப்பது அதையும் மறைக்கும். ‘ஏற்றுவேகத் துணுக்கிசை’ – நீளம்தான், சுருக்கத் தெரிந்தவர் சுருக்கலாம்.