குறைவான பொருள்களும் குழந்தைகளின் பண்டிகையும்

கேள்வி: தேவைக்கு மேல் எதையும் வாங்குவதில்லை என்ற முடிவோடு வாழ்ந்து வருகிறோம்; ஆனால் பண்டிகை வந்தால் உறவினர்கள் தரும் பொம்மைகளால் அலமாரி நிரம்பி வழிகிறது. ஐந்து வயது மகளின் முகம் வாடாமல் இதை எப்படிச் சமாளிப்பது?

பதில் 1: அனைவரும் சேர்ந்து ஒரே பரிசாக மிதிவண்டி வாங்கித் தருமாறு முன்கூட்டியே கேளுங்கள். (மாமியாரிடம் கணவரே பேசட்டும்!)

பதில் 2: அமெரிக்காவின் டொலிடோ பல்கலைக்கழகத்தினர் 2018இல் வெளியிட்ட ஆய்வில், 16 பொம்மைகள் இருந்தபோதைவிட 4 மட்டுமே இருந்தபோது குழந்தைகள் ஒவ்வொன்றோடும் அதிக நேரம், பலவிதமாக விளையாடினார்கள். ஆகவே பாதியைப் பெட்டியில் எடுத்து வைத்து, மாதந்தோறும் மாற்றித் தருகிறோம். சக்கரம் கழன்ற பழைய லாரி திரும்பி வந்த அன்று, என் மகன் அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே தூங்கினான்.

பதில் 3: அலங்காரத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். நான் ஒருமுறை அதையும் நிறுத்தியபோது, மகள் பழைய நாட்காட்டித் தாள்களைக் கத்தரித்துச் சங்கிலியாக ஒட்டி, வாசலில் தானே தொங்கவிட்டாள்.